ஏழு வருட ஹாம் ரேடியோ கிளப்: எது உழைத்தது, எது ஏமாற்றியது

2018-ல் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானலையில் பேசுவதற்கான உரிமம் கைக்கு வந்த அடுத்த வாரமே கிளப் ஒன்றில் சேர்ந்துவிட்டேன். அப்போது என்னிடம் இருந்தது 5 வாட் கைக்கருவி ஒன்றுதான், நாங்கள் ‘ஹேண்டி’ என்று சொல்வது. கிளப் அறைக்குள் நுழைந்ததும் கண் போய் நின்றது மேசை மேலிருந்த ஐகாம் ஐசி-7300 ரேடியோ மேல். திரையில் அலைவரிசை முழுவதும் அருவி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. இதைத் தொட விடுவார்களா என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை.

இப்போது யாராவது “கிளப்பில் சேரலாமா, என்னென்ன கருவி இருக்கு?” என்று கேட்டால் அந்த ரேடியோவைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் சொல்வது, அறையின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் டம்மி லோடையும் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் போலிச் சுமை), சக்தியை அளக்கும் வாட் மீட்டரையும். அதற்குக் காரணம் ஒரு மழைக்காலம்.

சேர்ந்த இரண்டாவது வருடம். கிளப்பின் 2 மீட்டர் அலைநீளத்துக்கான ஆண்டெனா கம்பத்தின் மேல் இருந்தது. அதற்கும் அறைக்கும் நடுவே சுமார் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். வழக்கமாகக் கேட்பவர்கள் ஒவ்வொருவராக “உங்க சிக்னல் இறங்கிப் போச்சு” என்றார்கள். எஸ்.டபிள்யூ.ஆர் பார்த்தோம், அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. காட்டியது 1.2. அதற்கு மேல் நல்ல அளவு யாருக்கு வேண்டும்? அதனால் ஆண்டெனா மேல் சந்தேகமே வரவில்லை. ரேடியோவை மாற்றினோம், மைக்கை மாற்றினோம், பவர் சப்ளையைத் திட்டினோம். மூன்று வாரம் போனது. கடைசியில் மூத்த உறுப்பினர் ஒருவர் வந்து, “மேலே ஆண்டெனாவைக் கழட்டிட்டு அளந்து பாருங்க தம்பி” என்றார். இழப்பு குறைந்த கேபிளாக இருந்தால், ஆண்டெனாவே இல்லாமல் அளக்கும்போது மீட்டர் முள் ஓரத்துக்கு ஓட வேண்டும். எங்களுக்கு 1.4 காட்டியது.

கேபிளுக்குள் தண்ணீர். அனுப்பும் சக்தியைக் கேபிளே தின்கிறது. முட்டித் திரும்பி வர வேண்டிய மிச்சத்தையும் அதே கேபிள் தின்கிறது. திரும்பி வருவது ஒன்றுமில்லை என்பதால் மீட்டர் ‘எல்லாம் சுகம்’ என்கிறது. மறுமுனையில் வாட் மீட்டரையும் டம்மி லோடையும் வைத்துப் பார்த்தோம். உள்ளே 50 வாட், வெளியே 8 வாட் கூட இல்லை. உறையை உரித்தால் செம்புப் பின்னல் கறுத்துப் போயிருந்தது.

அதைவிட உறைத்தது அதற்கப்புறம் போட்ட கணக்கு. புத்தம் புதிய ஆர்ஜி-58 ஆக இருந்தாலும் 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் இழப்பு. அதாவது 50 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 13 வாட்தான். தடித்த ஆர்ஜி-213 போட்டதும் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்தது. ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா என்று அதற்கு முன் இரண்டு கூட்டங்களில் விவாதித்திருந்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். இன்று இணைப்பிகளின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, கேபிளை அறைக்குள் விடும் முன் கீழ்நோக்கி ஒரு வளையம் தொங்கவிடுகிறோம், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடட்டும் என்று. அந்த ஆர்ஜி-213 இன்னும் உழைக்கிறது.

சரி, அந்த ரேடியோவுக்கு வருகிறேன். 2016-ல் வந்த மாடல். ஆண்டெனாவிலிருந்து வரும் சிக்னலை நேரடியாக எண்களாக மாற்றிவிடும் அமைப்பு, கூடவே அந்தத் திரை. எங்கே யார் பேசுகிறார்கள் என்று குமிழைத் திருப்பித் தேட வேண்டாம், கண்ணால் பார்த்து விரல் வைத்தால் போதும். ஏழு வருடத்தில் பழுது என்று பிரிக்கவே இல்லை. தொல்லை ரேடியோவிடம் இல்லை, அது பொதுச் சொத்தாக இருப்பதில்தான். எனக்கு முன் உட்கார்ந்தவர் எஃப்.டி.8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) ஆடிவிட்டு டேட்டா மோடிலேயே விட்டுவிட்டுப் போவார்; நான் மைக்கில் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒரு வாட் கூட வெளியே போகாது. ஒரு நாள் யாரோ ஆர்.எஃப். கெயினை, அதாவது ரேடியோவின் கேட்கும் திறனை, குறைத்துவிட்டுப் போயிருக்கிறார். “இன்னைக்கு பேண்டே செத்துப்போச்சு” என்று நாற்பது நிமிடம் புலம்பிவிட்டுத்தான் கண்டுபிடித்தேன். இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: உட்கார்ந்ததும் சரிபார்க்க வேண்டியவை எட்டு. அந்தத் தாள் வந்த பிறகு பாதிச் சண்டை குறைந்தது.

முறை வைத்து ஆளுக்கு ஒரு மணி நேரம் என்பது இன்னொரு குறை. 7 மெகாஹெர்ட்ஸில் பகலில் சில நூறு கிலோமீட்டர்தான். இருட்டியதும்தான் கண்டம் தாண்டும். எங்கள் அறை இருட்டியதும் பூட்டப்படும். பேச்சுவார்த்தை நடத்தி வாரம் ஒரு இரவுக்குச் சாவி வாங்கவே ஒன்றரை வருடம் ஆனது. நேரத்தோடு சூரியனும் சேர்ந்தது. நான் வந்து சேர்ந்தது, சூரியனின் செயல்பாடு கூடிக் குறையும் சுழற்சியின் அடிமட்டத்தில். 2019-ல் 28 மெகாஹெர்ட்ஸ் வெறும் இரைச்சல்தான். பழைய ஆட்கள் “ஒரு காலத்துல பத்து வாட்லயே உலகம் முழுக்க...” என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். 2024-ல் அதே பேண்டில், அதே கம்பியில், உலகின் மறுபக்கத்துக் குரல் பக்கத்து அறையில் பேசுவது மாதிரி வந்தபோது அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எஃப்.டி.8 பற்றி இரண்டு வார்த்தை. 2017-ல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் கொண்டுவந்தது. டெய்லர் 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். 15 விநாடிக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், காதுக்கே எட்டாத சிக்னலைக்கூடக் கணினி படித்துவிடும். கணினிக் கடிகாரம் ஓரிரு விநாடி பிசகினால் ஒன்றும் வராது. வெளியூர் முகாம்களில் இதனால் திருதிருவென்று விழித்திருக்கிறோம். அனுப்பும் பன்னிரண்டு விநாடிக்கும் முழுச் சக்தி இடைவிடாமல் போவதால் ரேடியோ சூடேறும். கிளப்பில் 30 வாட்டுக்கு மேல் கூடாது என்று விதி. எனக்குப் பிடிக்குமா? தொலைவு சேர்க்கப் பிடிக்கும், மனிதரைத் தெரிந்துகொள்ள உதவாது.

கிளப் எனக்குக் கொடுத்ததில் தனியாளாக வாங்கியிருக்கவே மாட்டேன் என்று சொல்லக்கூடியது அளவுக் கருவிகள். ஆண்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று காட்டும் நானோவிஎன்ஏ என்ற உள்ளங்கையளவு கருவி வந்த பிறகு ஆண்டெனா கட்டுவது யூக விளையாட்டாக இல்லாமல் போனது. எங்கள் வாய்ப்பாடு எளிது: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் (நடுவில் கேபிள் இணைக்கும் கம்பி ஆண்டெனா) மொத்த நீளம் மீட்டரில். 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம். என் முதல் டைபோலை வேண்டுமென்றே 20.7 மீட்டர் விட்டேன், கருவி 6.9-ல் எஸ்.டபிள்யூ.ஆர் பள்ளம் காட்டியது. இரு முனையிலும் 30 சென்டிமீட்டர் மடக்கிக் கட்டினேன், 7.1-ல் வந்து நின்றது. வெட்டவில்லை, மடக்கினேன். வெட்டிய கம்பி வளராது என்பதை வேறொருவர் செலவில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். இரவல் வாங்குவோர் கவனத்துக்கு: அளக்கும் முன் ஓபன், ஷார்ட், லோடு என்ற மூன்று அளவுத்திருத்த மூடிகளையும் மாட்டிச் சரிபார்க்க வேண்டும், அந்தக் குட்டி மூடிகளைத் தொலைக்காமல் திருப்பித் தர வேண்டும். மூன்று முறை தொலைந்துவிட்டது.

அந்த டைபோலைப் பத்து மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்ற முடியவில்லை. அந்த உயரத்தில் சிக்னலின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போய், அயனிமண்டலத்தில் பட்டு, சுற்றுவட்டாரத்திலேயே விழும். தூர தேசம் பிடிக்காது என்று குறைப்பட்டேன். அப்புறம் பேரிடர் ஒத்திகையில் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் நிலையம்) வேண்டுமென்றே அணைத்துவிட்டு 200 கிலோமீட்டருக்குள் செய்தி அனுப்பச் சொன்னபோது, எல்லா நிலையங்களையும் பிடித்தது அந்தக் குட்டைக் கம்பிதான். உயரமான ஆண்டெனாவின் சிக்னல் அவர்கள் தலைக்கு மேல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அதே ஒத்திகையில் வெட்கக்கேடான ஒன்றும் நடந்தது. அலமாரியில் அவசரத்துக்கென்று வைத்திருந்த பன்னிரண்டு ஹேண்டிகளில் நான்கு உயிரில்லாமல் இருந்தன. பேட்டரியை யாரும் ஆறு மாதமாகத் தொடவில்லை. வாராந்திர நெட்டில் (எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடும் நேரம்) சலிப்பூட்டும் அந்த வருகைப்பதிவு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். இப்போது அந்த நெட்டிலேயே ‘பேட்டரி பார்த்தாச்சா’ என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. மாதம் ஒரு முறை அதை நடத்துவதும் நான்தான்.

ரிப்பீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக வேலை செய்யும்போது யாருக்கும் அது ஞாபகமே வராது. கேட்பதும் அனுப்புவதும் ஒரே ஆண்டெனாவில், இரண்டுக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ்தான். அதைப் பிரித்து வைக்கும் உயரமான உலோக டப்பாக்களின் திருகாணியைத் தொடாதீர்கள் என்பதுதான் கிளப்பின் முதல் கட்டளை. புதியவர்கள் ரிப்பீட்டரைத் திறக்கும் டோனைப் போட மறந்துவிட்டு “ரிப்பீட்டர் வேலை செய்யலை” என்பது வாடிக்கை.

வெளியூர் முகாம்கள் வருடத்துக்கு இரண்டு. முதல் இரண்டு வருடம் ஈய அமில பேட்டரி. 100 வாட் ரேடியோ அனுப்பும்போது 20 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். மின்னழுத்தம் சரிந்து குரல் அழுவது மாதிரி போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறியதும் அந்தத் தொல்லை போனது, சுமக்கும் எடையும் பாதிக்குக் குறைந்தது. ஒருவர் அவசரத்தில் பிளஸ் மைனஸ் மாற்றிச் சொருகி ஃபியூஸைப் பறிகொடுத்த பிறகு, மாற்றிச் சொருகவே முடியாத ஆண்டர்சன் பவர்போல் இணைப்பிகளை எல்லாக் கருவிக்கும் போட்டோம். கிளப் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சிறந்தது இது என்பேன்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நரி வேட்டை. எங்கேயோ ஒளித்து வைத்த குட்டி டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிப்பது. இரும்பு அளவு டேப்பையும் பிவிசி குழாயையும் வைத்து ஒரே திசையை நோக்கும் மூன்று கம்பி யாகி ஆண்டெனா ஒரு மாலையில் செய்துவிடலாம். டேப் மடங்கும், புதருக்குள் நுழையலாம். நெருங்கியதும் சிக்னல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வலுவாக அடிக்கும். அப்போது ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு ஹேண்டியை மார்போடு அணைத்து மெதுவாகச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது சிக்னல் குறைகிறதோ, அப்போது உங்கள் முதுகுப் பக்கம்தான் நரி. இவ்வளவு தெரிந்தும் ஒரு முறை இரண்டு மணி நேரம் அலைந்தேன். “அந்தச் சுவர்ப் பக்கம் பாருங்க ஓ.எம்.” என்று பொறுப்பாக வழிகாட்டிக்கொண்டே வந்தவரின் தோள் பையில் இருந்தது நரி. (ஓ.எம். என்றால் ஓல்டு மேன். பதினெட்டு வயதுப் பையனும் எங்களுக்கு ஓ.எம்.தான்.)

அதே டேப் ஆண்டெனாவை வானத்தை நோக்கித் திருப்பினால் விண்வெளி நிலையம். 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது படங்கள் அனுப்புவார்கள். ஒரு படம் வர இரண்டு நிமிடம், நிலையம் தலைக்கு மேல் கடக்கப் பத்து நிமிடம். அதன் ரிப்பீட்டரைக் கேட்க, நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை நகர்வதால், 437.800-க்குப் பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே ஆரம்பித்து, கடந்து போகப் போகக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஆனால் என்னை உட்கார வைத்தது ஆஸ்கார்-7 என்ற ஹாம் ரேடியோ செயற்கைக்கோள். 1974-ல் ஏவியது. 1981-ல் பேட்டரி ஷார்ட்டாகி ஊமையானது. 2002-ல் அந்த ஷார்ட் தானே விட்டுப்போக, வெயில் படும்போது மட்டும் சூரியத் தகட்டில் பேச ஆரம்பித்தது. கிளப்பின் பழைய ஆல்மோட் (எல்லா முறையிலும் பேசும்) ரேடியோக்கள் இரண்டை வைத்து, என் குரல் அதன் வழியாகக் கரகரவென்று திரும்பி வந்ததைக் கேட்ட மாலையில் சந்தா முழுவதும் வசூலாகிவிட்டது.

மோர்ஸ் வகுப்பில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறினேன். 2003-க்குப் பிறகு மோர்ஸை உலக விதி கட்டாயமாக்கவில்லை. எங்கள் வகுப்பில் மட்டும் நாற்காலி போதுவதில்லை. புள்ளி கோடு எண்ணாமல் எழுத்தின் ஓசையாகவே பழகுங்கள், மெதுவாகத் தொடங்கினால் அந்த மெதுவிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஏமாற்றிய பட்டியலில் முதலிடம், பெரிய யாகியைத் திருப்பும் ரொட்டேட்டருக்கு. ஏழு வருடத்தில் மூன்று முறை நின்றது. ஒவ்வொரு முறையும் எந்தத் திசையில் நின்றதோ அந்தத் திசை நாடுகளோடு மட்டும் மாதக்கணக்கில் நட்பு. அடுத்தது அறைக்கு யாரோ ஆசையாக வாங்கிப் போட்ட எல்இடி விளக்கு. அதைப் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸில், சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் இரைச்சலிலேயே 7-க்கு ஏறும். ஃபெரைட் வளையம் சுற்றிப் பார்த்துக் கொஞ்சம் அடங்கியது. முழுதாக அடங்கியது விளக்கை அணைத்தபோதுதான். இப்போது இரவு முறைக்கு ஆளுக்கொரு டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறோம்.

ரொட்டேட்டர் போன மாதம் நான்காவது முறையாக நின்றிருக்கிறது. மழைக்கு முன் இறக்க வேண்டும். கயிறு என் வீட்டில்தான் இருக்கிறது.