செருப்பில் அடிப்பாகத்தைவிடப் பட்டையைப் பாருங்கள்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறேன். சாயங்காலம் காவிரிக் கரையோரம் நடப்பேன். இத்தனை வருஷத்தில் மூன்று விதக் காலணி போட்டுப் பார்த்துவிட்டேன். கடையில் எல்லோரும் மெத்தென்று இருக்கிறதா என்று அடிப்பாகத்தைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள். ரத்த ஓட்டத்துக்கு மேல்பட்டையும் குதிகால் வாரும்தான் முக்கியம் என்பேன்.

பாதத்துக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் சதை. அடி வைக்கும்போது உள்ளங்கால் சிரைகள் அழுந்தும். குதிகாலைத் தூக்கும்போது கெண்டைச் சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்க விடாது. இதற்குக் கணுக்கால் தாராளமாக மடங்க வேண்டும். அசையாமல் நின்றால் இந்த வேலை நடக்காது, கால் வீங்கிவிடும்.

முதலில் சாதா ரப்பர் செருப்பு. கழன்றுவிடாமல் இருக்க விரலால் கவ்விக்கொண்டே நடக்கணும். அடி குறுகிப்போகும், கெண்டைக்கால் இறுகும். அப்புறம் கயிறு கட்டும் ஷூ. காலையில் சரியாக இருந்தது சாயங்காலம் இறுக்கியது, விரல் மரத்தது. அப்படி மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால்தான், ரத்தம் நின்றுபோய் அல்ல. கயிற்றைத் தளர்த்தியதும் சரியானது. கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில்தான் காலணி வாங்கணும்.

இப்போது போடுவது பின்வார் வைத்த எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) செருப்பு. தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் பரிந்துரைக்கிற அதே மெத்தை ரப்பர்தான். வெல்க்ரோ பட்டை இருப்பதால் வீக்கத்துக்குத் தக்கபடி தளர்த்திக்கொள்ளலாம். விரல் கவ்வ வேண்டியதில்லை, அடி நீளமாக விழுகிறது, சாயங்கால வீக்கமும் குறைந்திருக்கிறது. கழற்றும்போது பாதத்தில் பட்டைத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

அம்மாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. அவருக்கும் இதேதான் வாங்கினேன். ஆனாலும் தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலை நான் பார்த்துவிடுவேன். கல் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்தரை அவரைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து.

எல்லாவற்றையும் செருப்பு தீர்க்காது. யானைக்கால் நோய் நிறைய இருந்த ஊர் இது. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றதும் விட்டுப்போனாலோ, டாக்டரிடம்தான் போகணும். திடீரென்று ஒரு கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே.

இந்தச் செருப்பில் குறை, சேறு. வரப்பில் இறங்கினால் வெல்க்ரோவுக்குள் மண் ஏறிப் பிடிப்பு போய்விடுகிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்தால் திரும்பப் பிடிக்கும். மெத்தையும் குதிகால் பக்கம் நாளாக ஆகச் சப்பையாகிறது. அப்படி ஆனதும் மாற்றிவிடுங்கள்.