லிப்ரேஎன்எம்எஸ்ஸா ஜாபிக்ஸா? ஸ்விட்ச், ரவுட்டர் மட்டும் பாக்கணும்னா எது, எல்லாத்தையும் பாக்கணும்னா எது

காசு குடுக்காம நெட்வொர்க் மானிட்டரிங் (ஸ்விட்ச், ரவுட்டர், சர்வர் எல்லாம் ஒழுங்கா ஓடுதானு பாத்துட்டே இருக்கற சாஃப்ட்வேர்) வேணும்னு யாரு தேடினாலும் கடைசில லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் இந்த ரெண்டுல தான் வந்து நிப்பாங்க. நாகியோஸும் காக்டியும் இன்னும் நிறைய இடத்துல ஓடிட்டு தான் இருக்கு, ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், முதல்ல சொன்னதுல ஒவ்வொரு டிவைசையும் கான்ஃபிக் ஃபைல்ல எழுதணும், ரெண்டாவதுல கிராஃப் நல்லா வரும் ஆனா அலர்ட்டுக்குனு தனியா பிளகின் போடணும். லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் ரெண்டுல எது வேணும்னு பாக்கறப்போ இன்ஸ்டால் எது சுலபம்ங்கறத வச்சு மட்டும் முடிவு எடுக்காதீங்க, ரெண்டுமே ஒரு மதியத்துல முடிஞ்சிடும். அடுத்த மூணு வருஷம் அத யாரு பாத்துக்கப் போறாங்கங்கறது தான் விஷயம்.

லிப்ரேஎன்எம்எஸ் 2013ல அப்சர்வியம்ங்கற இன்னொரு மானிட்டரிங் டூல்ல இருந்து பிரிஞ்சு வந்தது, அதனால பொறந்ததுல இருந்தே நெட்வொர்க் டிவைசுக்கானது. ஐபியும் எஸ்என்எம்பி (டிவைஸ்கிட்ட தகவல் கேக்கற முறை) கம்யூனிட்டியும், அதாவது அதுக்கான பாஸ்வேர்ட் மாதிரி வார்த்தையும், குடுத்தா போதும், அது சிஸ்கோவா மைக்ரோடிக்கா ஜூனிப்பரானு தானா கண்டுபிடிச்சு போர்ட், டெம்பரேச்சர், ஃபேன், பவர் சப்ளை, பிஜிபி செஷன் (ரவுட்டர்கள் தங்களுக்குள்ள வழி சொல்லிக்கற இணைப்பு) எல்லாம் எடுத்து வச்சிடும். எனக்கு ரொம்ப பிடிச்சது எஸ்எஃப்பி லைட் லெவல், அதாவது ஸ்விட்ச்ல ஃபைபர் மாட்டற மாட்யூலுக்கு எவ்ளோ வெளிச்சம் வருதுங்கறது. ஒரு ஃபைபர்ல வாங்கற லைட் மைனஸ் 17ல இருந்து மைனஸ் 23 டிபிஎம்முக்கு (லைட்டோட அளவு, மைனஸ் கூடினா லைட் கம்மி) கொஞ்சம் கொஞ்சமா இறங்கறத கிராஃப்ல பாத்துட்டா லிங்க் விழறதுக்கு முன்னாடியே ஸ்ப்ளைஸ (ஃபைபர் ஒட்டின இடம்) பாக்க ஆள் அனுப்பிடலாம், இதுக்காக நீங்க ஒரு ஓஐடி (எஸ்என்எம்பில ஒவ்வொரு தகவலுக்கும் இருக்கற நம்பர்) கூட தேட வேண்டாம்.

ஜாபிக்ஸ்ல அப்படி இல்ல. லாட்வியாவோட ரீகால அலெக்ஸி விளாடிஷெவ் ஆரம்பிச்சது, 2001ல வெளிய வந்தது, அதுக்கு சர்வர், டேட்டாபேஸ், யூபிஎஸ், ஸ்விட்ச் எல்லாம் ஒண்ணு தான், டெம்ப்ளேட், அதாவது எதை எல்லாம் எடுக்கணும்ங்கற லிஸ்ட், மாட்டினா தான் எதையும் எடுக்கும். பெரிய கம்பெனி டிவைசுக்கு டெம்ப்ளேட் கூடவே வருது, ஆனா விலை கம்மியான ஓஎல்டி (வீட்டு ஃபைபர் லைன் எல்லாம் வந்து சேர்ற பெட்டி) மாதிரி ஏதாவது வச்சிருந்தீங்கன்னா எஸ்என்எம்பி வாக் ஓட்டி (டிவைஸ்ல இருக்கற எல்லாத்தையும் வரிசையா கேட்டு) ஓஐடி தேடி நீங்களே எழுதற நிலைமை வரலாம்.

அப்படி எழுதறப்போ கவுன்ட்டர்ல கவனமா இருங்க. போர்ட்டுக்குள்ள வந்த பைட்ட எண்ணற பழைய ஐஎஃப் இன் ஆக்டெட்ஸ் 32 பிட், 1 ஜிகாபிட் லிங்க் முழுசா ஓடினா சுமார் 34 செகண்ட்ல சுத்தி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துடும், நீங்க ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்தாலும் நடுவுல சுத்தினது தெரியாது, லிங்க் நெறைஞ்சு வழியறப்போ கிராஃப் மட்டும் கம்மியா காட்டும். ஹெச்சி இன் ஆக்டெட்ஸ்னு இருக்கற 64 பிட் கவுன்ட்டர் தான் எடுக்கணும், அது எஸ்என்எம்பி வெர்ஷன் 1ல வராது, 2சி அல்லது 3 வேணும். லிப்ரேஎன்எம்எஸ் டிவைஸ்ல 64 பிட் இருந்தா அதையே எடுத்துக்கும்.

டிஸ்க்ல ஆகற இடம் பத்தி தான் நிறைய பேர் யோசிக்காம விட்டுடறாங்க. ஜாபிக்ஸ்ல 100 ஸ்விட்ச், ஒவ்வொண்ணுலயும் 48 போர்ட், போர்ட்டுக்கு 8 ஐட்டம், அதாவது 8 அளவுனு வச்சுப்போம், மொத்தம் 38,400. நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா செகண்டுக்கு 640, ஒரு நாளைக்கு 5 கோடியே 50 லட்சம் வரிசைக்கு மேல. ஒரு வேல்யூவுக்கு 90 பைட்னு ஜாபிக்ஸ் கையேட்டுல இருக்கற தோராய கணக்க போட்டா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 5 ஜிபி. பழசை அழிக்கற ஹவுஸ்கீப்பர் இந்த அளவுல மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும், அதனால ஆரம்பத்துலயே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல டைம்ஸ்கேல்டிபி (நேர வாரியா டேட்டாவ பிரிச்சு வைக்கற சேர்ப்பு) போடுங்க, இல்லனா டேபிளை பார்ட்டிஷன் பண்ணுங்க, டேபிள் பெருசான அப்புறம் பண்றது பெரிய தலைவலி. லிப்ரேஎன்எம்எஸ் ஆர்ஆர்டி ஃபைல்ல வைக்குது, அதோட சைஸ் முதல் நாளே ஃபிக்ஸ் ஆயிடும், வளராது. பதிலுக்கு டேட்டா பழசாக ஆக சராசரியா சுருக்கிடும், அதோட ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஃபைல்ல எழுதிட்டே இருக்கறதால ஹார்ட் டிஸ்க் திணறும், எஸ்எஸ்டியும், எழுதறத சேத்து வச்சு மொத்தமா எழுதற ஆர்ஆர்டி கேஷ்டியும் போட்டுடுங்க. போலிங், அதாவது டிவைஸ்கிட்ட டேட்டா கேக்கறது, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் டிஃபால்ட், 1 நிமிஷமாக்கணும்னா இருக்கற ஆர்ஆர்டி ஃபைல எல்லாம் மாத்தணும், அதனால அத முதல் நாளே முடிவு பண்ணுங்க.

அப்டேட் விஷயத்துல ரெண்டும் எதிரெதிர். லிப்ரேஎன்எம்எஸ் டிஃபால்ட்டா தினமும் கிட்னு (Git) கோட் வைக்கற இடத்துல இருந்து புது கோட இழுத்துக்கும், அது பயமா இருந்தா மாசாந்திர ரிலீசுக்கு மாத்திக்கலாம், நான் மாத்தத்தான் சொல்வேன். அப்பப்போ குறைஞ்சபட்ச பிஹெச்பி வெர்ஷன ஏத்துவாங்க, பழைய லினக்ஸ்ல இருந்தீங்கன்னா அங்கயே அப்டேட் நின்னுடும். கிராஃப் திடீர்னு நின்னா முதல்ல வேலிடேட் ஸ்கிரிப்ட ஓட்டுங்க, ரூட் யூசர்ல யாராவது கமாண்ட் ஓட்டி ஃபைல் ஓனர் மாறியிருக்கும், இது அடிக்கடி நடக்கறது. ஜாபிக்ஸ்ல எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட் வெர்ஷன்) எடுத்தா 5 வருஷம் சப்போர்ட், 2024ல வந்த 7.0 அப்படி ஒண்ணு. ஆனா பெரிய வெர்ஷன் மாத்தறப்போ சர்வர் ஸ்டார்ட் ஆகும்போதே டேட்டாபேஸையும் மாத்திடும், பேக்கப் இல்லாம திரும்பிப் போக வழி இல்ல.

பிராஞ்ச் ஆபீஸ் இருக்கா? அப்போ நான் யோசிக்காம ஜாபிக்ஸ்னு சொல்லுவேன். ஒவ்வொரு பிராஞ்ச்லயும் சின்ன மெஷின்ல ஒரு ப்ராக்ஸி (அங்க இருக்கற டேட்டாவ எடுத்து மெயின் சர்வருக்கு அனுப்பற ப்ரோக்ராம்), டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட்டே போதும், லிங்க் போனாலும் டேட்டாவ சேத்து வச்சு வந்ததும் அனுப்பிடும். லிப்ரேஎன்எம்எஸ் போலர (டிவைஸ்கிட்ட டேட்டா கேக்கற ப்ரோக்ராம்) பிரிச்சு வைக்கலாம், ஆனா ஒவ்வொண்ணும் மெயின் டேட்டாபேஸ், ரெடிஸ் (போலர்கள ஒருங்கிணைக்கறது), ஆர்ஆர்டி கேஷ்டி மூணையும் தொட்டுட்டே இருக்கணும், விட்டு விட்டு வர்ற லிங்க்ல அது சரிப்படாது. ஒரே கேம்பஸ், அம்பது நூறு ஸ்விட்ச், பாத்துக்க ஒருத்தரோ ரெண்டு பேரோன்னா லிப்ரேஎன்எம்எஸ் போட்டு கூடவே கான்ஃபிக் பேக்கப்புக்கு ஆக்ஸிடைஸ்டையும் சேத்துடுங்க, ராத்திரி யாரோ மாத்தின வீலான் (நெட்வொர்க்க பிரிக்கற செட்டிங்) காலைல வரிக்கு வரி தெரிஞ்சிடும்.

எத போட்டாலும் கம்யூனிட்டிய பப்ளிக்னு விட்டுடாதீங்க, 2சில அது நெட்வொர்க்ல அப்படியே படிக்கற மாதிரி தான் போகும். டிவைஸ் தாங்கும்னா வெர்ஷன் 3, இல்லனா மானிட்டரிங் சர்வரோட ஐபிக்கு மட்டும் ரீட் ஒன்லியா திறந்து விடுங்க.