காரின் அலுமினிய பேனலில் (வெளித் தகட்டில்) நசுங்கல்: பசை வைத்து இழுப்பதா, கம்பியால் தள்ளுவதா?

பசை முறையில் பள்ளத்தின் மேல் ஒரு பிடியை ஒட்டி வெளியே இழுப்போம்; கம்பி முறையில் தகட்டின் பின்புறமிருந்து தள்ளுவோம். முதலில் ஒன்று. இரும்புத் தகடு ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பும்; அலுமினியம் அப்படித் தானாகத் திரும்பாது. திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி, விரிசல் விடும். அதனால் எந்த முறையானாலும் அவசரம் கூடாது.

செலவு: பசை கிட் மலிவு. நல்ல கம்பிகளுக்குக் கூடுதலாகும்.

சுலபம்: பசைக்கு எதையும் கழற்ற வேண்டாம். கம்பி உள்ளே போக வழி வேண்டும். கதவென்றால் உள் அட்டையைக் கழற்றணும். கை பழகவும் நாளாகும்.

பெயிண்ட்: இங்கேதான் பசையில் எனக்குப் பயம். மறுபடி பெயிண்ட் அடித்த பேனல் என்றால் பெயிண்டே உரிந்து வந்துவிடலாம். பசையைப் பிய்க்காமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி விடுவியுங்கள். கம்பியில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் ஒரே இடத்தில் அழுத்தினால் வெளியே சின்ன மேடு கிளம்பும். முனையில் பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

சூடு: கம்பி வேலைக்கு முன் ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) இதமாகச் சூடேற்றினால் தகடு இளகிக்கொடுக்கும். அலுமினியம் சிவக்காமலே சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; நிறத்தை நம்ப முடியாது. பெயிண்ட் அதற்கு வெகு முன்பே கொப்பளிக்கும்.

அகலமான, ஆழமில்லாத பள்ளம், கம்பெனி பெயிண்ட் என்றால் பசை போதும். சின்ன, கூர்மையான பள்ளத்துக்குக் கம்பிதான். மடிப்புக் கோட்டில் விழுந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ இரண்டும் வேண்டாம், அலுமினிய வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.