மேவெதரா, பாக்கியோவா: பலமான எதிரியைத் தேடிப் போனவர் யார்?

மேவெதர், பாக்கியோ என்ற இரண்டு குத்துச்சண்டை வீரர்களில் யாருடைய சண்டைகளை முதலில் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

எடை:
மேவெதர் – 5 எடைப் பிரிவுகளில் பட்டம். 2009-இல் தன்னைவிடச் சிறிய மார்க்கேஸை எதிர்கொண்டபோது, ஒப்புக்கொண்ட எடையை மீறி வந்தார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.
பாக்கியோ – 8 பிரிவுகளில் பட்டம். 2010-இல், தன்னைவிட நன்றாக உயரமான மார்கரீட்டோவோடு மோதினார்.

மறுமோதல்:
மேவெதர் – காஸ்டியோவுடன் 2002-இல் முதல் சண்டையின் தீர்ப்பு சர்ச்சையானது. அதே ஆண்டே மறுபடி மோதி ஜெயித்தார். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.
பாக்கியோ – 2005-இல் மொராலஸிடம் தோற்றார், 2006-இல் இரண்டு முறை வீழ்த்தினார். மார்க்கேஸோடு நான்கு முறை மோதினார். முதலாவது சமன். அடுத்த இரண்டிலும் மயிரிழையில் ஜெயித்தார். நான்காவது, 2012-இல், ஆறாவது சுற்றில் முகம் குப்புற விழுந்தார். அவ்வளவு ஆபத்தான ஆளிடம் நான்காவது முறை போக வேண்டிய கட்டாயமே அவருக்கு இல்லை!

காலம்:
இருவரும் நேருக்கு நேர் மோதியது 2015-இல்தான். 2010-இல் மோதுவதற்கான பேச்சு, ஊக்கமருந்துப் பரிசோதனைத் தகராறில் முறிந்தது. 2015-இல் ஜெயித்தவர் மேவெதர்.

தற்காப்பு நுணுக்கம் கற்க மேவெதர். 2001 கொராலெஸ், 2013 கனெலோ சண்டைகளில் தொடங்குங்கள். துணிச்சலைப் பார்க்க பாக்கியோ. அப்புறம் மார்க்கேஸ் சண்டைகள் நான்கையும் வரிசையாகப் பாருங்கள்.