குகை எலும்பு: வடிவத்தை நம்புவதா, மரபணுவை நம்புவதா?

குகையில் கிடைத்த ஆதிமனித எலும்பு யாருடையது என்பதை அதன் வடிவத்தை அளந்து முடிவு செய்வதா, துளையிட்டு மரபணுவைப் பிரித்தெடுப்பதா என்று பலரும் தயங்குகிறார்கள்.

சேதம்: வடிவ ஆய்வில் எலும்பு முழுமையாக மிஞ்சும், மரபணு ஆய்வில் சிறிதளவு தூளையாவது இழந்தாக வேண்டும்.

சிறு துண்டு: சைபீரியாவின் டெனிசோவா குகையில் 2008-இல் கிடைத்த விரல் எலும்பின் வடிவம் எதையும் சொல்லவில்லை, 2010-இல் அதன் மரபணுவே அதுவரை அறியப்படாத, இன்று டெனிசோவர் எனப்படும் ஒரு மனிதக் குழுவைக் காட்டியது.

வெப்பம்: குளிர்ந்த குகையில் மரபணு நெடுங்காலம் தங்கும், வெப்பத்தில் விரைவில் சிதையும். தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் ஹோமோ நலேடி என்ற அழிந்துபோன மனித இனத்தை அடையாளம் காட்டியவை சிறிய மண்டையோடு, வளைந்த விரல்கள் போன்ற வடிவக் கூறுகளே.

நம்பகம்: இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்பெயினின் சீமா டி லோஸ் உவேசோஸ் என்ற குகைக் குழியில் கிடைத்த, சுமார் 4,30,000 ஆண்டுப் பழைமையான எலும்புகளில் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் சாயலை வடிவம் முன்பே உணர்த்தியிருந்தது. 2013-இல் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு டெனிசோவர் பக்கம் சாய்ந்தாலும், 2016-இல் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணு நியாண்டர்தால் உறவையே உறுதிசெய்தது. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் வைத்து வம்சம் எழுதுவது அவசரம் என்றே கருதுகிறேன்.

மண்டையோடும் பற்களும் கிடைத்திருந்தால், குறிப்பாக வெப்பப் பகுதியில், வடிவ ஆய்வே பொருந்தும். குளிர்ந்த குகையின் அடையாளமற்ற துணுக்குக்கு மரபணுவை நாடலாம், ஆனால் துளையிடுமுன் வடிவத்தைப் பதிவுசெய்ய சிடி ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.