சென்டினல்-1 தரவுகளுடன் பல ஆண்டுகள்: ஒரு பயனரின் குறிப்புகள்

நிலம் மெல்லத் தாழ்வதை அளக்கும் பணிக்காக 2016 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் தரவுகளைப் பயன்படுத்தி வருகிறேன். இங்கே நான் எழுதுவது ரேடார் கருவியைப் பற்றியன்று. அதன் தரவை இறக்கி, பதப்படுத்தி, என் கணினி வரை கொண்டுவந்து சேர்க்கும் தரைக் கட்டமைப்பைப் பற்றியே.

முதலில் பாராட்ட வேண்டியது கோப்புப் பெயர். எந்தச் செயற்கைக்கோள், எந்த முறையில், எந்த நொடி முதல் எந்த நொடி வரை, எத்தனையாவது சுற்றில் படமெடுத்தது என்பதெல்லாம் பெயரிலேயே இருப்பதால், பல ஜிபி அளவுள்ள கோப்பை இறக்குவதற்கு முன்பே வேண்டாததைக் கழித்துவிட முடிகிறது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் உள்ள காப்பகமும் அதே பெயரில்தான் கோப்புகளைத் தருகிறது. பழைய ஐரோப்பியத் தரவுவாசல் 2023 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டபோது, என் நிரலில் தேடும் பகுதியை மட்டும் திருத்தினால் போதுமானதாக இருந்தது.

தொல்லை தந்தவை படங்களல்ல, அவற்றோடு வரும் துணைக் கோப்புகள். படமெடுத்தபோது செயற்கைக்கோள் எங்கிருந்தது என்பதைச் சொல்லும் துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பு, படமெடுத்து ஏறத்தாழ 20 நாட்கள் கழித்தே கிடைக்கும். அவசரத்துக்குச் சில மணி நேரத்தில் வரும் தற்காலிகக் கோப்பைக் கொண்டு ஒப்பேற்றலாம். துல்லியக் கோப்பு ஒவ்வொன்றும் 26 மணி நேரத்தை உள்ளடக்குவதால், நள்ளிரவை ஒட்டி எடுத்த படத்துக்கு இரண்டு கோப்புகள் பொருந்தும். இதை அறியாமல் தேதியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த என் நிரல், ஒரு வாரக் கணக்கை வீணடித்தது. 2018 மார்ச்சில் பதப்படுத்தும் மென்பொருள் மாறி, படத்தோடு வரும் எக்ஸ்எம்எல் விவரக் கோப்பில் இரைச்சல் திருத்தத்துக்கான குறிச்சொல்லின் பெயரும் மாறியது. பழைய பெயரை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்திருந்தது என் தவறுதான். ஆனாலும் 2018-க்கு முந்தைய படங்களையும் பிந்தையவற்றையும் ஒரே தொகுப்பில் சேர்க்கும் எவரும் இன்றுவரை இரண்டு வடிவங்களையும் படிக்க வேண்டியுள்ளது.

ஒத்தியங்குதலின், அதாவது வெவ்வேறு செயற்கைக்கோள்களின் தரவைச் சேர்த்துப் பயன்படுத்த முடிவதன், உண்மையான சோதனை, ஒரு செயற்கைக்கோள் போய் இன்னொன்று வரும்போதுதான் நிகழ்ந்தது. 2021 டிசம்பர் 23 அன்று சென்டினல்-1பி மின்வழங்கல் கோளாறால் செயலிழந்தது. அதுவும் அதன் இணையான சென்டினல்-1ஏ-யும் சேர்ந்து 6 நாட்களுக்கு ஒருமுறை தந்த படம், 12 நாட்களுக்கு ஒருமுறையாயிற்று. 2024 டிசம்பர் 5 அன்று சென்டினல்-1சி ஏவப்பட்டு அதன் படங்கள் வரத் தொடங்கியபோது, பெயரைச் சரிபார்க்கும் வரியில் ஓர் எழுத்தைச் சேர்த்ததற்கு மேல் நான் எதையும் செய்யவில்லை.

வேறு நாட்டின் ரேடாரைச் சேர்த்தால் இந்தச் சுகம் இல்லை. ஜப்பானின் ஏலாஸ்-2, ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அமெரிக்க-இந்தியக் கூட்டுச் செயற்கைக்கோளான நிசார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கோப்பைப் படிக்கத் தனித்தனி நிரல் வேண்டும். வடிவம் ஒன்றானாலும், சென்டினலின் சுமார் 5.6 சென்டிமீட்டர் அலையையும் நிசாரின் எல்-பேண்ட் எனும் அலைவரிசையின் 24 சென்டிமீட்டர் அலையையும் ஒன்றோடொன்று குறுக்கிட வைத்து, அலை வேறுபாட்டிலிருந்து நில நகர்வைக் கணக்கிட இயலாது. ஆகவே மூலத் தரவை ஒன்றாக்க முயல்வதைவிட, நிலத்தின் இடப்பெயர்ச்சியாகக் கணக்கிட்ட பின் ஒரே கட்டவலையில், ஒரே அலகில் ஒப்பிடுவதே நடைமுறைக்கு உகந்தது. அங்கும் ஒரு சிக்கல்: செயற்கைக்கோளை நோக்கிய நகர்வைச் சிலர் நேர்க்குறியாகவும் சிலர் எதிர்க்குறியாகவும் தருகின்றனர். எனவே ஒவ்வொரு கோப்புறையிலும் குறியின் பொருளை முதல் வரியாக நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்.