பிள்ளைகளுக்குச் செபமாலை: கொச்சிக்கடைக் கடைகளில் எதை வாங்குவது?

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் செபமாலை சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கம்பியில் கோத்த கண்ணாடி மணி மாலையை விட்டுவிட்டு, முடிச்சுப் போட்ட நைலோன் நூல் மாலையைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க இடமிருக்காது. வேறு நாளில் போங்கள்.

கம்பி மாலையில் மணிக்கு மணி கம்பியை வளைத்துக் கோத்திருப்பார்கள். மலிவானதில் அந்த வளையங்களின் வாய் முழுதாக மூடியிருக்காது. பிள்ளை ஒரு இழுப்பு இழுத்ததும் திறந்துவிடும். வட்டமும் சிலுவைத் தொங்கலும் சேரும் மாதா பதக்கத்தில் மூன்று பக்க இழுவையும் சேருவதால் அநேகமாக அந்த இடம்தான் முதலில் விடும். சிறிய குறட்டால் நெருக்கிவிட்டால் சரியாகும், ஆனால் அடுத்த வளையமும் அதே தரம்தான். முலாமும் வியர்வையிலும் கடற்காற்றிலும் கறுத்துப்போகும். இலாஸ்டிக் மாலையை வாங்கவே வேண்டாம். அறுந்தால் மணிகள் வீடு முழுக்கச் சிதறும், தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் அது ஆபத்து. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் எந்தச் செபமாலையையும் தனியாகக் கொடுக்காதீர்கள். பெரிய பிள்ளையானாலும் கழுத்தில் போட்டபடி தூங்க விடவேண்டாம்.

நூல் மாலையில் பார்க்க வேண்டியது நுனி. தீயில் உருக்கி அடைக்காவிட்டால் முடிச்சு மெல்ல அவிழும். வீட்டில் பெரியவர் ஒருவர் லைட்டரால் சில விநாடி காட்டினால் போதும். மணி 8 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் சின்ன விரலுக்குப் பிடிபடும். 6 மில்லிமீற்றரில் பிள்ளை ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிவிடும். மர மணி கைக்கு இதமானது, ஆனால் சாயம் போகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள்.

காசு கொடுக்கமுன் மணிகளை எண்ணுங்கள். சிலுவையிலிருந்து பதக்கம் வரை 5, வட்டத்தில் 54, மொத்தம் 59. ஒரு பத்தில், அதாவது பத்து மணி இருக்கவேண்டிய தொகுதியில், ஒன்பதோ பதினொன்றோ கோத்த மாலைகளும் கடையில் தொங்குகின்றன. பெரியவர்கள் சமாளிப்பார்கள். விரலை நம்பிப் படிக்கிற பிள்ளை குழம்பி, தான்தான் பிழை விட்டதாக நினைத்துக்கொள்ளும். அது பெரிய அநியாயம்.

கூடவே விற்கும் செபப் புத்தகத்தில் வியாழக்கிழமைக்கு ஒளியின் மறைபொருள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மறைபொருள் என்பது ஒவ்வொரு பத்துக்கும் நினைத்துச் செபிக்கும் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வு. ஒளியின் மறைபொருள்கள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2002இல் சேர்த்தவை. இல்லையென்றால் அது பழைய பதிப்பு, வியாழனுக்கும் மகிழ்ச்சி மறைபொருளையே போட்டிருக்கும். செபங்களின் வாசகத்தையும் பாருங்கள். அம்மம்மா “அர்ச்சியசிஷ்ட மரியாயே” என்று சொல்கிற வீட்டில் புத்தகம் “புனித மரியே” என்றால் பிள்ளை பாதியில் நின்றுவிடும். வீட்டில் எது வழக்கமோ அதையே முதலில் பழக்குங்கள். மற்றது கோயிலில் தானாக வரும்.

ஐந்து பத்தும் சொல்ல இருபது நிமிடமளவில் ஆகும். அந்த வயதுக்கு அது கூடுதல். முதலில் ஒரே ஒரு பத்து போதும், நாலு நிமிடத்துக்குள் முடியும். பத்தின் ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் அருள் நிறை மந்திரத்தின் முற்பாதியைப் பிள்ளை சொல்லட்டும், பிற்பாதியை எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். தலைமை தாங்கிச் சொல்கிற பிள்ளைக்குத் தூக்கம் வராது. அன்றைய மறைபொருளுக்கு ஒரு படத்தைக் காட்டி, இரண்டு வசனத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். படமில்லாமல் “இயேசு கோவிலில் காணிக்கையாக்கப்பட்டது” என்று வாசித்தால் பிள்ளைக்கு ஒன்றும் பதியாது.

இருட்டில் ஒளிரும் மாலையைப் பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கிக் கொடுக்கலாம். செபத்துக்கு முன் கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சத்தில் வைத்தால்தான் ஒளிரும்.

வாங்கிய மாலையை ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளையின் கையாலேயே சுவாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்குங்கள்.